வாசனை நுழையாத அறை

ஆறு வருடங்களாக எங்கள் வாசற்படியை மிதிக்காத ஒருத்தியின் வேலையிடத்துக்கு நானே போக ஒப்புக்கொண்டேன் என்று போன வாரம் இந்தப் பத்தியில் படித்தவர்கள், 'மூக்கம்மா இறங்கி வந்துவிட்டாள்' என்று நினைத்திருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை. நிபந்தனை போட்டுத்தான் போனேன்.

நிபந்தனை ஒன்றுதான். என் மருமகளுக்காக அந்த ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருக்கும் கடைசிக் கருவின் மேல், அங்கே வேலை செய்யும் என் தம்பி மகள் சின்னவளின் கை படக் கூடாது. வேறு யார் வேண்டுமானாலும் தொடட்டும்.

எங்கள் குடும்பத்துக்கு வாசனைதான் தொழில். பூ, வேர், மரத்தூள் எல்லாவற்றையும் கொப்பரையில் போட்டு, அடுப்பு மூட்டி, ஆவியைக் குளிர வைத்து எடுக்கிற எண்ணெய். வடிகூடமும் வீடும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. தம்பியும் அவன் மனைவியும் அடுத்தடுத்துப் போன பிறகு, தொழிலையும் அவர்கள் பிள்ளைகள் இருவரையும் நான்தான் நிமிர்த்தி நிறுத்தினேன். பெரியவன் கொப்பரைப் பக்கம் நின்றான். சின்னவள் படித்தாள். படித்து, கருத்தரிப்பு ஆஸ்பத்திரி ஒன்றில் கருக்களைப் பேணி வளர்க்கும் ஆய்வகத்தில் சேர்ந்தாள். சேர்ந்த சில மாதத்தில் ஒருநாள் கூடத்தில் நின்று, "அத்தை, நம்ம வீட்டு வாசன என் துணியில, முடியில எல்லாம் ஏறிடுது. கருவுக்கு அது ஆகாது. நான் வேற வீடு பாத்துக்கறேன்" என்றாள்.

பெரியவனுக்குக் கல்யாணமாகி அப்போதே சில வருடங்கள் ஆகியிருந்தன. மருமகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வேலையாட்களும் இருந்தார்கள். குழந்தை இல்லாத வீட்டில், அந்த வீட்டுப் பெண்ணே, எங்கள் வாசனை கருவுக்கு ஆகாது என்றாள்.

"போ" என்றேன். போய்விட்டாள். கேட்டவர்களிடம் மேல்படிப்பு என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் பெரியவனும் மருமகளும் எனக்குத் தெரியாமல் வேறொரு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு கருவாக உள்ளே வைத்ததில் ஒன்றும் ஒட்டவில்லை. மிச்சமிருந்த ஒன்றே ஒன்றைச் சின்னவளின் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டு, போன வாரம்தான் மருமகள் என்னிடம் வாயைத் திறந்தாள். இனிமேல் அவள் உடம்பிலிருந்து முட்டை எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இது போனால் போனதுதான்.

சின்னவள் போனில் கட்டளைகள் அனுப்பியிருந்தாள். மணமில்லாத சோப்பு. தலைக்கு எண்ணெய் கிடையாது, முகத்துக்குப் பவுடர் கிடையாது. துணிகளை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வாசனை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல என்னைவிட யார் இருக்கிறார்கள்? நான் முகர்ந்து 'சரி' என்றால் போதும், தூர தேசத்து வியாபாரிகூடப் புட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கிப்போவான். வேலையாட்கள் என் முதுகுக்குப் பின்னால் மூக்கம்மா என்று சொல்வது எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

விடியற்காலையில் எழுந்து, மாடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தேன். வெறும் பருத்தி, கொஞ்சம் வெயில், வேறெதுவும் இல்லை. நானே மடித்துக் கொடுத்தேன்.

பெரியவன்தான் கார் ஓட்டினான். மருமகள் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். எதையும் அளந்துதான் பேசுவாள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியும் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்க. இன்னும் ரெண்டு பள்ளத்துல விட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல."

பெரியவன் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

"என்னடா, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டியா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அத்தை."

அந்த 'ஒண்ணுமில்ல'யை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆய்வகம் மேல்மாடியில் இருந்தது. முதல் கதவுக்கு உள்ளே ஒரு சின்ன அறை. அங்கே செருப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் இரண்டாவது கதவு. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். நாங்கள் மூவரும் சின்ன அறையில் நின்றோம். உள்கதவு திறந்தது. நீல உடுப்பு, நீலத் தொப்பி, கழுத்தில் இறக்கிவிட்ட முகமூடி. ஆறு வருடத்தில் சின்னவள் கொஞ்சம் இளைத்திருந்தாள்.

'வாங்க' என்று ஒரு சொல்லை எதிர்பார்த்தேன். அவள் ஒரு மூச்சு இழுத்தாள். ஒரு அடி பின்வாங்கினாள்.

"அங்கயே நில்லுங்க. யாரும் உள்ள வராதீங்க."

"என்ன சின்னு?" என்றாள் மருமகள்.

"அண்ணி, வீடே வந்திருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சு இது? ஒவ்வொரு துணியையும் நான் மோந்து பாத்து மடிச்சேன். ஒரு பொட்டு வாசன கிடையாது."

"உங்க மூக்குக்கு நம்ம வீடு தெரியாது அத்தை. அங்க இருந்தவரைக்கும் எனக்கும் தெரியல."

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எட்டிப் பார்த்தாள். சின்னவளோடு வேலை செய்பவள். அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பேசாமடந்தை என்று பெயர் என்று மருமகள் சொல்லியிருந்தாள். அவள் எங்கள் பக்கம் மூக்கை நீட்டினாள். புருவம் மேலே போனது. பெயருக்கேற்றபடி ஒன்றும் சொல்லாமல் தலையை இழுத்துக்கொண்டாள். சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"அண்ணா, நீ கீழ போ. கொப்பரைக்குள்ள இருந்து வந்த மாதிரி இருக்க. கார் நிறுத்தற இடத்துக்கு அந்தப் பக்கம் காத்துல நில்லு."

பெரியவன் மருமகளின் தோளைத் தொட வந்தான். தொடலாமா என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டான். இறங்கிப் போனான்.

"நம்ம வீட்டுக் குழந்தைக்காக வந்திருக்கோம். நம்ம வாசன அதுக்குப் பழகட்டுமே" என்றேன்.

"உள்ள இருக்கறது நம்ம வீட்டுது மட்டும் இல்ல அத்தை. எத்தனையோ வீட்டுது இருக்கு. அந்தக் காத்த யாருக்காகவும் விட்டுக்குடுக்க முடியாது. கெடுக்கும்னு நான் சத்தியம் பண்ணல. கெடுத்துடுமோங்கற சந்தேகத்துக்குத்தான் ரெண்டு கதவு."

"அப்ப இன்னொரு நாள் வர்றோம்."

"காலையிலயே உருக்கியாச்சு. திரும்ப உறைய வைக்கறது அதுக்கு நல்லதில்ல. இன்னைக்குத்தான்." அவள் ஒரு பையை நீட்டினாள். சோப்பு, துண்டுகள், ஆஸ்பத்திரி அங்கிகள். "வராந்தாக் கடைசியில குளியலறை இருக்கு. அண்ணியத் தலையோட குளிக்க வைங்க. போட்டிருக்கற துணிய எல்லாம் பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டிடுங்க. சீக்கிரம்."

குடும்பத்தில் மூத்தவள் நான். எனக்கு அவள் சோப்பைக் காட்டினாள். திரும்பி நடந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மருமகள் ஏற்கெனவே வராந்தாவில் நடக்க ஆரம்பித்திருந்தாள், வயிற்றின் கீழே கையை வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக.

பின்னால் போனேன்.

அவள் முடி அடர்த்தியானது. எத்தனை வருடத்து எண்ணெய் அதில் ஊறியிருந்ததோ. இரண்டு முறை நுரைத்தும் நுரை கலங்கலாக ஓடியது.

"அத்தை, தண்ணிச் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் மோசமா வருது. எதாவது பேசுங்க. திட்டவாவது செய்யுங்க."

"எங்கிட்டச் சொல்லாம எத்தன தடவ போயிட்டு வந்திருக்க? நான் என்ன தெருவுல போறவளா?"

"ம். நல்லாத் திட்டறீங்க. இன்னும்."

"பல்லக் கடிச்சிக்கிட்டு நில்லு."

பிறகு அவள் முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். "இது ஒட்டலன்னா இனிமே நான் யாரையும் எதுவும் கேக்க மாட்டேன் அத்தை. ஊசி போட்டுப் போட்டு உடம்புல இடமில்ல."

மூன்றாவது முறை சோப்பைப் போட்டேன்.

கதவு தட்டப்பட்டது. "அண்ணி, கேக்குதா?" சின்னவளின் குரல். "ஒரு விஷயம். கரு வெளிய வர ஆரம்பிச்சிடுச்சு. நாங்க நெனச்சதவிட வேகமா."

"நல்லதுதானே?" மருமகள் குழாயை மூடினாள்.

"நல்லதுதான். ஆனா வாய் சின்னது. இடுப்பு நெரியுது."

"எந்த வாய்? யாரு இடுப்பு?" என்றேன். ஆறு வருடத்தில், தெரிந்துகொள்வதற்காக அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

சிறுபிள்ளையில் பாடம் ஒப்பித்த அதே நிதானத்தில் ஆரம்பித்தாள்.

"முட்டையச் சுத்தி ஒரு உறை இருக்கும் அத்தை, கண்ணாடி மாதிரி. கரு உண்டானப்புறம் மொத நாலஞ்சு நாள் அதுக்குள்ளதான் இருக்கும். கருப்பைக்கு வந்து சேர்ற வரைக்கும் அது சிதறாம, வழியில எங்கயும் ஒட்டிக்காமப் பாத்துக்கறது அந்த உறைதான். வந்து சேந்ததும் அதுவே தடை. உறைய விட்டு வெளிய வந்தாத்தான் கருப்பைச் சுவத்துல ஒட்ட முடியும். அதனால உள்ள தண்ணி சேத்து ஊதும், சுருங்கும், திரும்ப ஊதும். ஊதி ஊதி உறைய மெலிசாக்கி, ஒரு எடத்துல வாய் பொளந்து, அது வழியா நெரிச்சுக்கிட்டு வெளிய வரும். எலிக்கும் இப்படித்தான், மாட்டுக்கும் இப்படித்தான்."

"நம்ம பரம்பரைய எலியோட சேத்துட்டியா?"

"இந்த ஒரு விஷயத்துல சேத்தாச்சு."

"காப்பாத்தின உறையே தடைங்கற. என்னையா குத்திக் காட்டுற?"

"கருவப் பத்திப் பேசறேன் அத்தை."

மருமகளின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை.

"இதோட உறை கெட்டியா இருந்துச்சு" என்றாள் சின்னவள். "தானா வெளிய வராதோன்னு பயம். அதனால உருக்கினதும் லேசர்ல சின்னதா ஒரு வாய் போட்டுவிட்டோம். அண்ணி நேரத்துக்கு உள்ள வந்திருந்தா இதுக்குள்ள கருவ வச்சிருப்போம், மிச்சத்த அது அங்க போய்ப் பாத்திருக்கும். இப்ப இங்கயே பாதி வந்து நிக்குது. எட்டு போட்ட மாதிரி."

"வாயப் போட்டது யாரு?"

"நான் இல்ல. உங்க கட்டளை எனக்கு நினைவிருக்கு. பேசாமடந்தைதான் போட்டா. அவ நல்ல வேலைக்காரி."

"நீ போட்டிருந்தா?"



"கொஞ்சம் பெருசாப் போட்டிருப்பேன்" என்றாள்.

துண்டை எடுத்து மருமகளின் தலையைச் சுற்றினேன். வேறு வேலை எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை.

"அண்ணி, நீங்கதான் முடிவு சொல்லணும். பாதி வெளிய வந்தபடியே உள்ள வைக்கலாம். ஆனா நெரிஞ்சே நின்னுடுமோன்னு பயம் இருக்கு. இல்ல, முழுசா வெளிய வர விடலாம். அதுக்கப்புறம் அது உறையில்லாத வெறும் உடம்பு. தொட்டா ஒட்டும். உள்ள கொண்டுபோற குழாய்லயே ஒட்டினாலும் ஒட்டும்."

எங்கள் குடும்பத்தில் முடிவு சொல்வது நான். அன்று யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"எது சரின்னு நீ சொல்லு சின்னு."

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி. உங்க உடம்பு."

மருமகள் ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்தாள். கண்ணை மூடிக் கணக்குப் போடுவது போல உதடு அசைந்தது. "வெளிய வரட்டும். இவ்ளோ தூரம் கஷ்டப்பட்டு வருது. நடுவுல புடிச்சு இழுத்துட்டுப் போக வேணாம். நான் காத்திருக்கேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா என்னால இன்னும் அடக்க முடியாது."

"டாக்டரம்மா ஒரு டம்ளர் அளவுக்குப் போயிட்டு நிறுத்தச் சொல்றாங்க."

"நிறுத்தறதா? நான் என்ன குழாயா, திருகி நிறுத்த?"

ஆனால் அவள் நிறுத்தினாள். எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் அல்லவா.

நான் வெளியே உட்கார்ந்திருப்பதாகத்தான் இருந்தது. அங்கி மாட்டிய மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவரால உள்ள வர முடியாது. நீங்க வாங்க அத்தை."

அதனால் நானும் குளித்தேன். முழங்காலுக்குக் கீழே காற்று புகும் ஒரு நீல அங்கியை, இந்த வயதில், முதுகில் இன்னொருத்தி முடிச்சுப் போட மாட்டிக்கொண்டேன். என் உடை பிளாஸ்டிக் பைக்குள் போனது. இதை எழுதுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நிமிர்ந்துதான் நடந்தேன்.

இரண்டாவது கதவில் சின்னவள் நிறுத்தினாள். முதலில் அண்ணியின் தலைமுடிக்கு அருகில் குனிந்தாள். "ரெண்டு தொப்பி போட்டுக்கங்க, போதும்." பிறகு என் பக்கம் வந்தாள். கழுத்தருகே முகத்தைக் கொண்டுவந்து, கண்ணை மூடி, சின்னதாக மூன்று முறை இழுத்தாள். நீளமாக இழுக்கவில்லை. நீளமாக இழுத்தால் மூக்கு மரத்துவிடும் என்று புட்டிகளைத் திறந்து அவளுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான்.

"சரி. போலாம்" என்றாள்.

அது எங்கள் வீட்டு மூக்கு. வேறு எதையும் அவள் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

உள்ளே மங்கலான வெளிச்சம். ஒரு படுக்கை, ஒரு ஸ்கேன் மெஷின், சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆய்வகம். சுவரின் மேலே ஒரு திரை. இன்குபேட்டருக்குள்ளேயே கேமரா இருப்பதால் கருவை வெளியே எடுக்காமல் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

அந்த அறையில் வாசனை என்று எதுவுமே இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஓர் இடத்தில் நான் நின்றதில்லை. காது அடைத்துக்கொண்டது போல இருந்தது.

திரையில் ஒரு வட்டம். கண்ணாடி வளையம் போன்ற உறை. அதன் ஒரு பக்கத்து வாயிலிருந்து இன்னொரு வட்டம் பிதுங்கி நின்றது. நடுவில் நெரிந்த இடுப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் அசைவு தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால், வெளியே இருந்தது கொஞ்சம் பெரிதாகவும் உள்ளே இருந்தது கொஞ்சம் சிறிதாகவும் ஆகியிருந்தது. ஒருமுறை எல்லாமே சுருங்கிப்போனது. மருமகள் என் விரல்களை நொறுக்கினாள்.

"பயப்படாதீங்க. மூச்சு வாங்குது" என்றாள் சின்னவள். அவள் இரண்டு கைகளையும் கட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். ஆய்வகத்துக்குள் போகவில்லை. ஜன்னலைக்கூடத் தொடவில்லை.

திரும்ப ஊதியது. கொப்பரைக் குழாயின் நுனியில் முதல் துளி தொங்கும்போது வேலையாட்கள் யாரும் பேச மாட்டார்கள். அப்படித்தான் அங்கே நின்றோம். டாக்டரம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை அவர் கதவைத் திறந்தபோது, திரையில் உறை தனியாகக் கிடந்தது. காலியாக, கசங்கி. பக்கத்தில் ஒரு முழு வட்டம், எந்த வேலியும் இல்லாமல்.

"வந்துட்டான்" என்றாள் மருமகள்.

"வந்துட்டா" என்றேன்.

"இப்பவே சண்டையா?" என்றார் டாக்டரம்மா. கையுறை மாட்டிக்கொண்டார்.

ஜன்னல் திறந்தது. மருமகள் தன் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாள். பேசாமடந்தை சரிபார்த்து, முடியளவு மெல்லிய குழாயை நீட்டினாள். டாக்டரம்மா வாங்கினார். ஸ்கேன் திரையைப் பார்த்தபடி உள்ளே செலுத்தினார். எல்லாம் ஒரு மூச்சில் முடிந்தது. குழாய் ஜன்னலுக்குத் திரும்பிப் போனது.

"குழாயில எதுவும் மிச்சமில்லையான்னு மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. 'காலி'ன்னு குரல் வரும். அசையாமப் படுத்திருங்க" என்றார்.

குரல் வரவில்லை.

டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார். சின்னவள் இரண்டு எட்டில் அங்கே போனாள். உள்ளே ஏதோ பேச்சு. திரும்பியபோது முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. குழாய்ச் சுவத்துல இருக்கு. கருவுக்கு ஒண்ணும் ஆகல. பிரிச்சு எடுத்துத் திரும்ப ஏத்தணும்."

"ஏத்தச் சொல்லு" என்றார் டாக்டரம்மா.

பேசாமடந்தை ஜன்னலில் நின்றாள். அவள் வாயைத் திறந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "அக்கா, குழாயில ஒட்டின உறையில்லாதத நான் பிரிச்சு எடுத்ததில்ல. நீங்கதான் பிரிப்பீங்க."

சின்னவள் அசையவில்லை. கட்டிய கையைப் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் நிபந்தனை டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அவர் சின்னவளைப் பார்த்தார், பிறகு அவள் பார்வை போன வழியே என்னைப் பார்த்தார்.

மருமகள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சொன்ன சொல்லை எப்போதும் நான் திரும்ப வாங்கியதில்லை. வியாபாரத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

"என்ன என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றேன். "போய் உன் வேலையப் பாரு."

போனாள்.

ஜன்னல் மூடியது. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மருமகளின் நெற்றியில் ஈர முடி ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கினேன். அவள் என் கையை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டாள்.

ஜன்னல் திறந்தபோது தெரிந்தது இரண்டு கைகள் மட்டும். குழாய் அவற்றில் ஆடாமல் நின்றது. எங்கள் வீட்டில் யாருக்கும் கை நடுங்கியதில்லை.

டாக்டரம்மா மறுபடி செலுத்தினார். இந்த முறை மெதுவாக வெளியே எடுத்தார். குழாய் ஜன்னலுக்குள் போனது.

"காலி" என்றது சின்னவளின் குரல்.

மருமகள் கண்ணைத் துடைத்தாள். "இப்பவாவது நான் பாத்ரூம் போலாமா?"

அவள் ஓய்வெடுத்த அறையில் நான் உடை மாற்றப் பையை அவிழ்த்தேன். முடிச்சு பிரிந்ததும் முகத்தில் வந்து அறைந்தது. ரோஜா, புகை, ஈரமரம், பழைய செம்பு. ஒரு கூட்டமே உள்ளே நுழைந்து உரக்கப் பேசியது போல. என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வாசலில் இப்படித்தான் இருக்கும் போல. நல்ல மணம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கதவருகே நின்ற சின்னவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் சொல்லவில்லை. அந்த மரியாதை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இனிமே ஒட்டறது அதோட பாடு" என்றாள் பொதுவாக. "ரெண்டு வாரம் கழிச்சு ரத்தத்துல பாத்தாத்தான் தெரியும்."

"அத்தை," என்றாள் மருமகள், "அதுவரைக்கும் நான் வீட்டுக்கு வரல. சின்னுகூட இருக்கேன்."

"டாக்டர் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. இனி வாசன ஒண்ணும் பண்ணாது" என்றாள் சின்னவள் அவசரமாக. "அந்தப் பழி எனக்கு வேணாம் அண்ணி."

"தெரியும். வாசனைக்காக இல்ல. ஒவ்வொரு தடவையும் ஒட்டலன்னு தெரிஞ்சு அழுத அந்த ரூம்ல திரும்ப என்னால படுக்க முடியாது."

"நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றேன்.

"மேல்படிப்புன்னு சொல்லுங்க" என்றாள் சின்னவள். "பழக்கம்தானே."

அறைந்திருப்பேன். ஆனால் மருமகள் சிரித்துவிட்டாள், அன்று முதல் முறையாக. விட்டுவிட்டேன்.

கீழே பெரியவன் வெயிலில் நின்றிருந்தான். மருமகள் அவனிடம் தனியாகப் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டு தலையாட்டினான். அவள் சின்னவளின் காரில் ஏறிப் போனாள். வளைவு திரும்பும் வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். அவனும் ஏறினான். சாவியைப் போடவில்லை.

"அத்தை, இன்னைக்குக் காலையில நான் அடுப்பு மூட்டல."

"எந்தக் கொப்பரைக்கு?"

"எதுக்குமே. ஆளுங்கள நேத்தே வீட்டுக்கு அனுப்பிட்டேன். கருவுக்கு ஆகுமோ ஆகாதோங்கற சந்தேகத்தோட இனிமே மூட்டறதாவும் இல்ல."

அவன் அப்பாவின் காலத்திலிருந்து அந்த அடுப்புகளை ஒருநாளும் மூட்டாமல் விட்டதில்லை. விடியற்காலையில் துணிக்கூடையோடு மாடிக்குப் போகும்போது வடிகூடத்தைத் தாண்டித்தான் போனேன். திரும்பும்போதும் தாண்டித்தான் வந்தேன். இரண்டு முறையும் எல்லாம் வழக்கம்போல மணக்கிறது என்றுதான் என் மூக்கு சொன்னது.

"வண்டிய எடு" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"வீட்டுக்கா, அவங்க பின்னாலயா? எங்க போறதுன்னு சொல்லுங்க, அத்தை."